மஞ்சள் சட்டை யாருக்கு? மிதிவண்டி நெடும்பந்தயத்தைப் பின்தொடர்ந்து கணிக்கும் முறை

தொலைக்காட்சியில் மிதிவண்டிப் பந்தயத்தைக் காணும் தோட்டப்புற மக்களுள் பலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. எல்லைக் கோட்டை முதலில் கடந்தவர் ஒருவர். சற்று நேரத்திற்கெல்லாம் மேடையேறி மஞ்சள் சட்டை அணிந்துகொள்பவர் மற்றொருவர். வென்றவர் யார், முன்னணியில் நிற்பவர் யார் என்று விளங்காமல் பலர் ஆர்வம் இழந்து விடுகின்றனர். சற்றுப் பொறுமையுடன் இதன் அமைப்பைப் புரிந்துகொண்டால், இதைப் போலச் சிந்தனைக்கு வேலை தரும் விளையாட்டு வேறில்லை என்பது தெளிவாகும். நாள்தோறும் மிதிவண்டியை மிதித்து வேலைக்குச் சென்று பழகிய மக்களுக்கு இதன் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

பல நாள் நடைபெறும் மிதிவண்டிப் பந்தயங்களுள் தலையாயது, பிரான்சு நாட்டைச் சுற்றி நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' ஆகும். அதனையே சான்றாகக் கொண்டு, பந்தயத்தை எவ்வாறு பின்தொடர்வது, முடிவை எவ்வாறு முன்கூட்டிக் கணிப்பது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகின்றோம்.

நேரமே அளவுகோல்

1903ஆம் ஆண்டில் 'லோத்தோ' என்னும் பிரெஞ்சு நாளிதழ், தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்ளும் நோக்குடன் இப்பந்தயத்தைத் தொடங்கியது. முதலாண்டில் 6 கட்டங்கள் மட்டுமே இருந்தன. மொரீஸ் காரன் என்பவர், இரண்டாமவரைவிட ஏறத்தாழ 3 மணி நேரம் முந்தி வெற்றி பெற்றார். இன்று பந்தயம் 21 கட்டங்களாக விரிந்துள்ளது. இடையில் வரும் ஓய்வு நாட்களையும் சேர்த்து மூன்று வாரங்களுக்கு மேல் நீள்கின்றது. கடக்க வேண்டிய தொலைவு ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். குழுவுக்கு 8 பேர் வீதம் 170க்கும் மேற்பட்ட வீரர்கள் புறப்படுகின்றனர்.

ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வீரர் எடுத்துக்கொண்ட நேரம் குறிக்கப்பட்டு, முன்னைய நாட்களின் நேரத்தோடு கூட்டப்படுகின்றது. கூட்டு நேரம் யாருக்கு மிகக் குறைவோ அவரே முன்னணி வீரர். 1919ஆம் ஆண்டு முதல் அவருக்கு மஞ்சள் சட்டை அணிவிக்கும் வழக்கம் உள்ளது. ஆகவே, ஒருவர் ஒரு கட்டத்தைக்கூட வெல்லாமலே முழுப் பந்தயத்தையும் வெல்லக்கூடும். பல கட்டங்களை வென்றவர் பட்டியலின் அடியில் கிடப்பதும் உண்டு.

மற்றொரு விதியையும் நினைவில் வைத்தல் வேண்டும். ஒரே கூட்டமாக வந்து சேரும் வீரர் அனைவருக்கும் ஒரே நேரம் எழுதப்படுகின்றது. நூறு பேர் திரண்டு வந்தால், முதலில் வந்தவருக்கும் நூறாவதாக வந்தவருக்கும் நேரத்தில் வேற்றுமையில்லை. கட்டத்தில் முதல் மூன்று இடங்களைப் பெறுவோருக்குப் பொதுவாக 10, 6, 4 விநாடிகள் ஊக்கச் சலுகையாகக் கழிக்கப்படும், அவ்வளவே. இதனால்தான் சமவெளியில் ஓடும் நாட்களில் பட்டியல் பெரும்பாலும் அசையாமல் இருக்கின்றது.

மஞ்சளைத் தவிர வேறு மூன்று சட்டைகளும் உள்ளன. கட்டங்களில் முன்னிடம் பெற்றுப் புள்ளிகள் சேர்ப்பவருக்குப் பச்சைச் சட்டை. மலையுச்சிகளில் முந்துபவருக்குச் சிவப்புப் புள்ளியிட்ட வெள்ளைச் சட்டை. இளைய வீரர்களுள் நேரத்தில் முதல்வருக்கு வெள்ளைச் சட்டை. பட்டியலின் கடைசியில் வருபவருக்கும் ஒரு பெயர் உண்டு. தொடர்வண்டியின் கடைசிப் பெட்டியில் தொங்கும் 'சிவப்பு விளக்கு' என்று அவரை அன்போடு அழைக்கின்றனர். பந்தயத்தைக் கைவிடாமல் மூன்று வாரமும் மிதித்து முடித்த அவருக்கும் பாரிசு மக்கள் கைதட்டுகின்றனர்.

காற்றும் தோழமையும்

மிதிவண்டிப் பந்தயத்தின் உள்ளிரகசியம் காற்றில் இருக்கின்றது. சமவெளியில் விரைந்து செல்லும் வீரரின் ஆற்றலில் பெரும்பகுதி எதிர்க்காற்றைக் கிழிப்பதிலேயே செலவாகின்றது. ஒருவர் பின் ஒருவராக ஒட்டிச் சென்றால், பின்னால் வருபவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் மிச்சமாகின்றது. பெருங்கூட்டத்தின் நடுவில் இருப்பவருக்கு இதனினும் மிகுதி. மலையேறும்போதோ வேகம் குறைவதால் இந்த மறைவின் பயனும் குறைந்து விடுகின்றது. அங்கே அவரவர் கால்வலியே துணை.

இந்த ஓர் உண்மையிலிருந்து பந்தயத்தின் மற்றத் தந்திரங்கள் அனைத்தும் பிறக்கின்றன. குழுவில் ஒருவர் தலைவர், ஏனையோர் துணைவீரர்கள். பிரெஞ்சு மொழியில் இத்துணைவீரரைக் குறிக்கும் சொல்லுக்கு 'வீட்டுப் பணியாள்' என்பதே பொருள். தலைவருக்கு முன்னே நின்று காற்றைத் தாங்குவது அவர் வேலை. வண்டிக்குச் சென்று தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து பகிர்வதும் அவர் வேலை. தலைவரின் சக்கரம் பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கவும் அவர் தயங்குவதில்லை. நாள் முடிவில் அவர் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. ஆயினும், முழுப் பந்தயத்தையும் வெல்பவருக்குக் கிடைக்கும் 5 இலட்சம் யூரோ பரிசைக் குழுவினரோடு பகிர்ந்துகொள்வது இவ்விளையாட்டின் நெடுநாள் மரபு. தனியொருவர் மேடையில் நின்றாலும் அவ்வெற்றி பலருடைய உழைப்பின் விளைவு என்பதை உழைத்து வாழும் மக்களுக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆகவே, கணிப்போர் தலைவரை மட்டும் எடைபோடாமல், அவர் பின்னே நிற்கும் குழுவையும் எடைபோட வேண்டும். 2022ஆம் ஆண்டில் இதற்கு நல்ல சான்று கிடைத்தது. முந்தைய இரண்டு ஆண்டுகளும் வென்ற சுலோவீனிய வீரர் ததேய் பொகச்சார், அவ்வாண்டும் மஞ்சள் சட்டையோடு ஆல்ப்சு மலையை அடைந்தார். எதிர்க் குழுவினர், ரோக்லிச், விங்கெகோர் என்னும் தம் இரு தலைவர்களையும் மாறி மாறித் தாக்குமாறு ஏவினர். ஒவ்வொரு தாக்குதலுக்கும் பொகச்சாரே விடை சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியாக வந்த கிரனோன் மலையில் அவர் தளர்ந்தார். டென்மார்க்கு நாட்டு யோனாஸ் விங்கெகோர் தனியே பறந்து கட்டத்தை வென்றார். அந்த ஒரே நாளில் பொகச்சார் 2 நிமிடம் 51 விநாடி இழந்தார். ஒருவரை இருவர் களைப்புறச் செய்து வென்றனர் என்பதே அந்நாளின் பாடம்.

நாளின் தன்மையை அறிதல்

கணிப்பில் இறங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இன்று எத்தகைய நாள்?' என்பதாகும். கட்டங்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, சமவெளி நாள். கடைசி 200, 300 மீட்டரில் மின்னலெனப் பாயும் விரைவோட்ட வீரர்களுக்கு உரியது. இவர்கள் தசை வலிமை மிக்கவர்கள். உடல் எடையும் கூடுதல். பிரிட்டனின் மார்க் காவண்டிஷ் இவ்வாறு 35 கட்டங்களை வென்று, 2024ஆம் ஆண்டில் பெல்ஜிய மாவீரர் எட்டி மெர்க்ஸின் 34 வெற்றிகளைக் கடந்து புதிய எல்லையைத் தொட்டார். ஆனால் காவண்டிஷ் ஒருபோதும் முழுப் பந்தயத்தையும் வெல்லக்கூடியவராக எண்ணப்பட்டதில்லை. மலை வந்தால் அவர் பின்தங்குவார். குறித்த நேரத்திற்குள் வந்து சேர்ந்து, நீக்கப்படாமல் தப்புவதே அன்று அவருக்குப் பெரும்பாடு.

இரண்டாவது, மேடுபள்ளமான நாள். பெரிய மலையில்லை, ஆயினும் விரைவோட்ட வீரர்களைக் களைப்புறச் செய்யும் ஏற்றங்கள் உண்டு. இத்தகைய நாட்களில் சிலர் காலையிலேயே பிரிந்து முன்னே ஓடி விடுகின்றனர். கணிப்பதற்கு மிகக் கடினமான நாள் இதுவே.

மூன்றாவது, மலை நாள். ஏற்றங்களின் நீளத்தையும் செங்குத்தையும் பொறுத்து அவை நான்காம் தரம் முதல் முதல் தரம் வரையிலும், அதற்கும் மேலாகத் 'தரத்தில் அடங்காதவை' என்றும் வகுக்கப்படுகின்றன. புகழ்பெற்ற ஆல்ப் துயே மலை 13.8 கிலோமீட்டர் நீளமும் 21 வளைவுகளும் கொண்டது. நூறு மீட்டர் முன்னே சென்றால் சராசரியாக எட்டு மீட்டர் உயர வேண்டும். இங்கே வலிமையை மட்டும் பார்த்தால் போதாது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு வலிமை என்று பார்க்க வேண்டும். மெலிந்த மலையேறிகள் இங்கே முந்துவது இதனாலேயே.

நான்காவது, தனி நேர ஓட்டம். ஒவ்வொருவரும் சிறிது இடைவெளி விட்டுத் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்தோடு போராடுகின்றனர். மறைவு தர யாருமில்லை. பந்தயத்தின் நேரப் பட்டியலைப் பெரிதும் மாற்றுபவை மலை நாட்களும் தனி நேர ஓட்டங்களுமே. வழிப்படம் வெளியானவுடன், மலைகள் எத்தனை, தனி ஓட்டம் எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணிப் பார்ப்பது நல்ல கணிப்பாளரின் முதல் வேலையாகும்.

கணக்குப் போடுதல்

காலையில் பிரிந்தோடிய குழு கடைசிவரை தாக்குப்பிடிக்குமா, பெருங்கூட்டம் பிடித்துவிடுமா என்னும் கேள்வி ஏறத்தாழ நாள்தோறும் எழும். முன்னாள் வீரரும் தொலைக்காட்சி வருணனையாளருமான ரொபேர் சப்பாத் என்னும் பிரெஞ்சுக்காரர் இதற்கு ஓர் எளிய விதி சொன்னார். பெருங்கூட்டம் முழு மூச்சுடன் துரத்தினால், 10 கிலோமீட்டருக்கு 1 நிமிடம் வீதம் இடைவெளியைக் குறைக்கும் என்பதே அது. எல்லைக்கு 20 கிலோமீட்டர் இருக்கையில் முன்குழுவுக்கு 3 நிமிட இடைவெளி இருந்தால் அவர்கள் தப்பிவிடக்கூடும். 1 நிமிடமே இருந்தால் பிடிபடுவர் என்று எதிர்பார்க்கலாம்.

ஆனால், துரத்துவதற்கு யாருக்கேனும் காரணம் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. முன்னே ஓடுபவர் எவராலும் தமக்குத் தீங்கில்லை என்று மஞ்சள் சட்டைக் குழு கருதினால், அவர்களைப் போகவிட்டு ஓய்வெடுக்கும். 2006ஆம் ஆண்டில் இசுப்பானிய வீரர் ஒஸ்கர் பெரெய்ரோ 28 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார். ஆகவே மொந்தெலிமார் நோக்கி அவர் பிரிந்தோடிய நாளில் எவரும் துரத்தவில்லை. பெருங்கூட்டத்தைவிட ஏறத்தாழ 30 நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்த அவர், அன்று மாலையே மஞ்சள் சட்டையை அணிந்தார். பாரிசில் அவர் இரண்டாம் இடமே பெற்றார் எனினும், முதலில் வந்தவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கித் தகுதி இழந்ததால் பட்டம் பெரெய்ரோவைச் சேர்ந்தது. எளியவர் என்று விட்ட இடைவெளி எத்துணைப் பெரிதாயிற்று, பாருங்கள்!

1989ஆம் ஆண்டின் கடைசி நாளையும் கணக்கோடு நோக்குவோம். வெர்சாயிலிருந்து பாரிசு வரை 24.5 கிலோமீட்டர் தனி நேர ஓட்டம். பிரான்சின் லோரான் பின்யோன், அமெரிக்கரான கிரெக் லெமாண்டைவிட 50 விநாடிகள் முன்னணியில் இருந்தார். வெல்ல வேண்டுமானால் லெமாண்ட் கிலோமீட்டருக்கு 2 விநாடிக்கு மேல் ஈட்ட வேண்டும். அது நடவாத காரியம் என்றே பலரும் எண்ணினர். லெமாண்டோ முன்னே நீண்ட கைப்பிடியைப் பொருத்தி, முழங்கைகளை ஒடுக்கி, காற்றை வழுக்கிச் செல்லும் தலைக்கவசமும் அணிந்து புறப்பட்டார். பின்யோன் தலைக்கவசமின்றி, பின்னால் கட்டிய குடுமி காற்றில் ஆட ஓடினார். இருக்கையில் உராய்ந்து ஏற்பட்ட புண்ணும் அவரை வாட்டியது. லெமாண்ட் அன்று 58 விநாடிகள் ஈட்டினார். 3,200 கிலோமீட்டருக்கும் மேலான பந்தயத்தை அவர் வென்றது வெறும் 8 விநாடிகளில்! ஆண்களுக்கான பந்தய வரலாற்றில் இதைவிடக் குறைந்த இடைவெளி இன்றுவரை இல்லை.

பெண்களுக்கான பந்தயம் 2022ஆம் ஆண்டில் புதுவடிவில் தொடங்கியது. 2024ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் தெமி வொல்லரிங் மஞ்சள் சட்டையுடன் இருந்தபோது, ஐந்தாம் கட்டத்தில் விழுந்து நேரத்தை இழந்தார். கடைசி நாள் தொடங்கும்போது போலந்தின் காசியா நியெவியாதோமாவைவிட 1 நிமிடம் 15 விநாடி பின்தங்கியிருந்தார். ஆல்ப் துயே மலையுச்சியில் முதலாவதாக வந்த அவர் 1 நிமிடம் 1 விநாடியை மீட்டார். வெற்றிக்கான 10 விநாடிச் சலுகையும் சேர்ந்தது. மீதமிருந்தது 4 விநாடி! அந்த 4 விநாடியில் நியெவியாதோமா பட்டத்தைக் காத்துக்கொண்டார். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு விநாடியையும் குறித்து வைப்பதன் பயன் இத்தகைய நாளில் விளங்கும்.

கணிப்பு தவறும் இடங்கள்

எவ்வளவு அறிந்தாலும் கணிப்பு தவறுவதுண்டு. 1988ஆம் ஆண்டின் வெற்றியாளர் பெத்ரோ டெல்கடோ, மறு ஆண்டு தொடக்க நாளில் தம் புறப்பாட்டு நேரத்திற்கு 2 நிமிடம் 40 விநாடி தாமதமாக வந்தார். கடிகாரம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. முடிவில் அவர் மூன்றாம் இடம் பெற்றார். முதல்வருக்கும் அவருக்கும் இடைவெளி 3 நிமிடம் 34 விநாடி. முதல் நாளின் கவனக்குறைவு மூன்று வாரமும் அவரைத் தொடர்ந்தது எனலாம்.

2014ஆம் ஆண்டில் வெல்வர் என்று பெரிதும் பேசப்பட்ட கிறிஸ் புரூம், அல்பெர்ட்டோ கொண்டடோர் ஆகிய இருவருமே விழுந்து காயமுற்று விலகினர். இத்தாலியின் வின்சென்சோ நிபாலி வாகை சூடினார். 2020ஆம் ஆண்டில் 21 வயதே ஆன பொகச்சார், ஏழாம் கட்டத்தில் பக்கக்காற்று வீசிக் கூட்டம் சிதறியபோது 1 நிமிடம் 21 விநாடி இழந்தார். இளைஞரின் கதை முடிந்தது என்றனர். கடைசிக்கு முந்தின நாள் வந்த தனி நேர ஓட்டமோ மலையேற்றத்தில் முடிந்தது. 57 விநாடி முன்னணியில் இருந்த தம் நாட்டவரான ரோக்லிச்சைவிட அன்று 1 நிமிடம் 56 விநாடி விரைவாக ஓடி, 59 விநாடியில் பட்டத்தைக் கைப்பற்றினார்.

இன்னொரு தவறு வருந்தத்தக்கது. 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து வென்றதாக எழுதப்பட்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள், ஊக்கமருந்துக் குற்றத்திற்காக 2012ஆம் ஆண்டில் பறிக்கப்பட்டன. அந்த ஏழாண்டுகளுக்கும் வேறெவருக்கும் பட்டம் வழங்கப்படவில்லை; ஏடுகளில் அவ்விடங்கள் வெறுமையாகவே உள்ளன. அவரை நம்பிக் கைதட்டிய இலட்சக்கணக்கான மக்கள் ஏமாந்தனர். அதனினும் கொடுமை, மருந்தைத் தொடாமல் நேர்மையாக ஓடிப் பின்தங்கியோரின் இழப்பு. பறிபோன ஆண்டுகளை அவர்களுக்கு யார் திருப்பித் தர முடியும்? வீரரைப் போற்றுவோம், ஆயினும் அறிவை அடகு வைத்துப் போற்றுதல் வேண்டா.

ஏட்டில் எழுதிப் பழகுவோம்

நண்பர்கள் நால்வர் சேர்ந்தால் இவ்விளையாட்டைப் பெரும்பயனுடன் பின்பற்றலாம். ஒரு பழைய கணக்கேடு போதும். ஒவ்வொரு கட்டத்திற்கும் முன்பாக மூன்று செய்திகளை ஒவ்வொருவரும் எழுதி வைக்கலாம். முன்குழு தப்புமா, பிடிபடுமா? கட்டத்தை வெல்பவர் யார்? மாலையில் மஞ்சள் சட்டை யாரிடம் இருக்கும்? இவற்றோடு, அவ்வாறு எண்ணுவதற்குரிய காரணத்தையும் ஒரு வரியில் எழுத வேண்டும். முதற் கேள்விக்கு ஒரு புள்ளி, இரண்டாவதற்கு ஐந்து, மூன்றாவதற்கு இரண்டு என வைத்துக்கொள்ளலாம். மூன்று வாரம் கழித்து ஏட்டைப் புரட்டினால், எங்கே சரியாக எண்ணினோம், எங்கே ஆசைக்கு இடம் கொடுத்தோம் என்பது தெரிந்துவிடும்.

காரணத்தை எழுதுதல் ஏன் இன்றியமையாதது? காரணமின்றிச் சொன்ன பெயர் பலித்தாலும் அதனால் கற்றது ஒன்றுமில்லை. காரணத்துடன் சொன்னது தவறினாலும், எந்தக் காரணம் பிழைபட்டது என்று அறிந்து அடுத்த நாள் திருத்திக்கொள்ளலாம். மரம் வெட்டும் தோழர், இரவு பெய்த மழையையும், பட்டையின் ஈரத்தையும், இலையுதிர் காலத்தையும் எண்ணிப் பார்த்து இன்று பால் எவ்வளவு இறங்கும் என்று சொல்வது போன்றதே இது. அது ஆண்டுக்கணக்கில் கண்ணால் கண்டு சேர்த்த அறிவு. குருட்டு எண்ணம் அன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டியுள்ளது. கணிப்பு வேறு, சூதாட்டம் வேறு. நான்கு இலக்க எண்ணுக்குக் கனவிலும் வண்டி எண்ணிலும் பொருள் தேடிப் பணத்தை இழக்கும் பழக்கத்தால் எத்தனையோ குடும்பங்கள் வாடுவதை நாம் அறிவோம். பந்தயத்தைப் பற்றி நன்கறிந்தவர்கூட, மேலே கண்டவாறு, ஒரு வீழ்ச்சியாலும் பக்கக்காற்றாலும் பொய்த்துப் போகின்றனர். அவ்வாறிருக்க, வியர்வை சிந்தி ஈட்டிய கூலியை அதன்மேல் வைப்பது பேதைமையன்றோ? ஏட்டிலுள்ள புள்ளிகளுக்காகப் போட்டியிடுவோம். தோற்றவர் தேநீர் வாங்கித் தரட்டும், அதற்குமேல் வேண்டா.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். சூலை மாதத்தில் பிரான்சின் நேரம் மலேசிய நேரத்திற்கு 6 மணி பின்தங்கியது. அங்கே மாலை 5.30க்கு முடியும் கட்டம் இங்கே இரவு 11.30க்கு முடியும். விடியுமுன் பெரட்டுக்கு எழ வேண்டியவர் நாள்தோறும் அதுவரை விழித்திருத்தல் உடலுக்கு ஏற்றதன்று. மறுநாள் முடிவைப் படித்து ஏட்டில் குறித்தாலும் சுவை குன்றாது. பெரிய மலை நாட்கள், தனி நேர ஓட்டம் ஆகியவற்றுள் நான்கைந்தை முன்கூட்டித் தேர்ந்து, அவற்றை மட்டும் நேரில் பார்ப்பது நன்று.

நம் சாலையிலும் ஒரு பந்தயம்

பிரான்சுக்குப் போகாமலே இத்தகைய பந்தயத்தைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு நமக்கு உண்டு. 1996ஆம் ஆண்டில் தொடங்கிய 'லெ டூர் டி லங்காவி' பந்தயத்தில் பல நாடுகளின் தொழில்முறைக் குழுக்கள் கலந்துகொள்கின்றன. இங்கும் நாம் கூறிய விதிகள் அனைத்தும் பொருந்தும். இத்தாலியின் அந்திரேயா குவார்தினி, சமவெளி நாட்களில் இங்கே 20க்கும் மேற்பட்ட கட்டங்களை வென்றார். முழுப் பந்தயத்தையும் ஒருமுறையும் வென்றாரல்லர். கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலான கெந்திங் மலையேற்றம் வழியில் இடம்பெறும் ஆண்டுகளில், அந்நாளே பட்டத்தைத் தீர்மானிக்கும் நாளாகக் கருதப்படுகின்றது. 2010ஆம் ஆண்டில் அனுவார் மனான் ஒரு கட்டத்தை வென்று, இப்பந்தயத்தில் அவ்வெற்றியைப் பெற்ற முதல் மலேசியர் என்னும் பெருமையைப் பெற்றார்.

பந்தயம் நம் ஊர் வழியே செல்லுமாயின், பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள். ஆனால் சாலையோரத்தில் கட்டுப்பாடு மிகவும் தேவை. 2021ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் முதல் நாளில், பார்வையாளர் ஒருவர் ஒளிப்படக் கருவிக்குத் தம் அட்டையைக் காட்டும் ஆவலில் சாலைக்குள் நீட்டினார். வந்த வீரர் அதில் மோதி விழ, அவர்மேல் மற்றவர்கள் விழ, பல பத்துப் பேர் தரையில் சாய்ந்தனர். ஓராண்டு முழுதும் உழைத்து ஆயத்தமான வீரரின் வாய்ப்பை ஒரு நொடி அசட்டை அழித்துவிடும். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நாயைக் கட்டி வையுங்கள். வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் நில்லுங்கள்.

அவ்வீரர்களின் சக்கரங்களைப் பார்க்கும்போது மற்றொன்றையும் நினைவுகூரலாம். மரப்பாலிலிருந்து செய்த மெல்லிய உட்குழாய்கள் பந்தய வீரர்களால் நெடுங்காலமாக விரும்பப்பட்டு வந்தவை. காற்று விரைவில் கசியுமெனினும், உருளும்போது வீணாகும் ஆற்றல் அவற்றில் குறைவு. விநாடிகளால் வெற்றி தோல்வி முடிவாகும் விளையாட்டில் அதுவும் ஒரு பங்கு வகிக்கின்றது. பெயர் வெளியே தெரியாமல் தலைவருக்காகக் காற்றைத் தாங்கும் துணைவீரரைப் போலவே, அதிகாலை இருளில் பால் வெட்டும் கைகளுக்கும் அவ்வெற்றியில் இடமுண்டு.

அடுத்த பந்தயத்தின் வழிப்படம் வெளிவந்ததும் கணக்கேட்டைத் திறங்கள். மலைகளை எண்ணுங்கள், தனி ஓட்டத்தின் நீளத்தைக் குறியுங்கள், குழுவின் துணைவீரர் யார் யார் என்று கேட்டறியுங்கள். பிறகு ஒரு பெயரையும் அதற்குரிய காரணத்தையும் எழுதுங்கள். மஞ்சள் சட்டை யாருக்கு என்பதை அவ்வீரர்களின் கால்கள் மூன்று வாரத்தில் சொல்லட்டும்.